பத்தாம் நாள் டிஸ்சார்ஜ் வேண்டாம்: ஃபிளாப் அறுவை சிகிச்சை குறித்து ஒரு திறந்த மடல்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் முதல்வர் அவர்களுக்கும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறைத் தலைவர் அவர்களுக்கும்,

படுக்கைப் புண்ணுக்கு ஃபிளாப் அறுவை சிகிச்சை (பக்கத்திலுள்ள தோலையும் சதையையும் ரத்த ஓட்டத்தோடு நகர்த்திப் புண்ணை மூடுவது) செய்துகொள்ளும் தண்டுவடக் காயமடைந்தோரை இனிமேல் பத்தாம் நாளில் டிஸ்சார்ஜ் செய்வது என்று உங்கள் மருத்துவமனை முடிவெடுத்திருக்கிறது. வார்டில் படுக்கை போதவில்லை, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்பது எங்களிடம் சொல்லப்பட்ட காரணம். தீக்காயத்தோடும் கை நசுங்கியும் வந்தவர்கள் வராந்தாவில் காத்துக் கிடப்பதை நாங்களும் பார்க்கிறோம். ஆனாலும் இந்த முடிவை ஏற்க முடியாது. படுக்கைப் புண்ணுக்குப் போட்ட ஃபிளாப் நிலைக்குமா பிரியுமா என்பது பத்தாம் நாளுக்குப் பிறகு வரும் வாரங்களில்தான் தெரியும். தியேட்டரில் மணிக்கணக்கில் நின்று நீங்கள் செய்த வேலை அந்த வாரங்களில்தான் கெட்டுப்போகிறது.

இதை எழுதுகிறவர்கள் இடுப்புக்குக் கீழோ கழுத்துக்குக் கீழோ உணர்வும் அசைவும் இழந்தவர்கள், அவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கும் வீட்டார், அவர்களோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்டுகள். வருடக்கணக்கில் இந்தப் புண்ணோடு பழகித் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறோம்.

"டிரெஸ்ஸிங் செய்துகொண்டே இருந்தால் ஆறிவிடும்" என்று சொல்லி வெளிநோயாளிப் பிரிவிலிருந்து திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் முதலில் புண்ணைப் பற்றி. ஆழமான அழுத்தப் புண் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய தசையில் தொடங்குகிறது. தசை தோலைவிடச் சீக்கிரம் சாகும். இடைவிடாத 70 மி.மீ. பாதரச அழுத்தம் இரண்டு மணி நேரம் நீடித்தாலே தசை கெடத் தொடங்குகிறது என்பது 1950, 60களின் விலங்குச் சோதனைகளிலிருந்தே தெரிந்த விஷயம். உணர்வுள்ள மனிதர் வலி பொறுக்காமல் அசைந்துகொண்டே இருப்பார். எங்களுக்கு அந்த வலி வராது. தோலில் சிவப்புத் தெரிகிறபோது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். வெளியே பார்த்தால் ஒரு ரூபாய்க் காசளவு ஓட்டை. கையுறை போட்ட விரலை விட்டுத் துழாவினால் நாலாபுறமும் பை போல விரிந்து, வழவழவென்று இருக்கும், அடியில் எலும்பு நெருடும். நான்காம் நிலைப் புண் என்பது இதுதான். அந்த வழவழப்பான உள்சுவர் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. மாதக்கணக்கில் காஸ் துணி திணித்தாலும் ஓட்டை சிறுத்து, பை அப்படியே தங்கிவிடும். தொடைத் தோலைச் சீவி ஒட்டினாலும் எலும்பின் மேல் மெல்லிய தோல் எத்தனை நாள் தாங்கும்? அதனால்தான் ரத்த ஓட்டத்தோடு கூடிய தடித்த தோலும் கொழுப்பும், தேவைப்பட்டால் தசையும் சேர்த்து நகர்த்திவைக்கும் ஃபிளாப் தேவைப்படுகிறது.

அந்த ஃபிளாப் எங்கள் உடம்பில் கொஞ்சம்தான் கையிருப்பு இருக்கிறது. முதுகின் அடியில், திரிக எலும்பின் மேல் வரும் புண்ணுக்குப் பிட்டத் தசையையோ அதன் மேல்தோலையோ சுழற்றியோ, வி வடிவில் அறுத்து ஒய் வடிவில் தைக்கும் வி-ஒய் முறையில் தள்ளியோ மூடலாம். இடுப்புப் பக்கவாட்டில் தொடை எலும்பு முனையில் வரும் புண்ணுக்குத் தொடையின் வெளிப்புறத் தசையிலிருந்து எடுக்கும் டி.எஃப்.எல். ஃபிளாப். உட்காரும் எலும்பில் வரும் புண்தான் மிகக் கடினம். சக்கர நாற்காலியில் வாழ்கிறவருக்கு வாழ்நாள் முழுக்க எடை இறங்கும் இடம் அது. கீழ்ப்பிட்டம், பின்தொடைத் தோல், பின்தொடைத் தசை, உள்தொடையின் கிராசிலிஸ் தசை என்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் பிரியப் பிரிய அடுத்தது. எல்லாம் தீர்ந்தால் கடைசியில் இருப்பது, காலின் எலும்பை எடுத்துவிட்டுத் தொடைச் சதை முழுவதையும் மடித்துப் புண்ணை மூடுவது. காலையே கொடுத்துப் புண்ணை அடைக்கிற அந்த இடத்துக்கு யாரும் ஒரே நாளில் போய்ச் சேருவதில்லை. ஒவ்வொரு ஃபிளாப்பாகத் தோற்றுத்தான் போகிறார்கள். பத்தாம் நாள் டிஸ்சார்ஜை நாங்கள் எதிர்ப்பதற்கு முதல் காரணம் இதுவே.

பத்தாம் நாளில் தையலின் நிலை என்ன? ஒரு வாரம் முடிந்த காயத்துக்கு, காயம்படாத தோலின் வலிமையில் சுமார் 3 விழுக்காடுதான் இருக்கும். மூன்று வாரத்தில் 20 முதல் 30 விழுக்காடு. மூன்று மாதம் ஆனாலும் 80-ஐத் தாண்டாது. உணர்விழந்த தோலில் காயம் ஆறுவது இன்னும் மெதுவாக நடக்கும் என்பதால்தான் உங்கள் மருத்துவர்களே தையலை இரண்டு, மூன்று வாரம் விட்டுவைக்கிறார்கள். ஆக, தையல் பிரிக்காத ஆளை வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்.

டிரெயின் குழாயையும் சேர்த்துப் பாருங்கள். பையை முழுவதும் அறுத்தெடுத்த இடத்தில் பெரிய வெற்றிடம் இருக்கும். அதில் ஊறும் நீரை உறிஞ்சத்தான் ஒன்றோ இரண்டோ உறிஞ்சு குழாய்கள். நாளொன்றுக்கு 30 மில்லிக்குக் கீழே, அதுவும் இரண்டு நாள் தொடர்ந்து வந்த பிறகே அவற்றை எடுக்க வேண்டும். பலருக்கு அது இரண்டு வாரம் வரை போகும். டிஸ்சார்ஜ் தேதிக்காக எட்டாம் நாளே குழாயை உருவினால் நீர் உள்ளே தேங்கி, ஃபிளாப்பைத் தூக்கி, சீழ் பிடிக்கும். வெளியே தோல் அழகாக ஒட்டியிருக்கும். மூன்றாவது வாரம் தையல் வரிசையின் ஒரு மூலையில் ஈரம் கசியும். விரலை வைத்து அழுத்தினால் பழைய பை திரும்பி வந்திருக்கும்.

அடுத்தது வீட்டுக்குப் போகும் வழி. வாடகை வேனின் பின்சீட்டில் உட்கார வைத்துத்தான் பெரும்பாலோரைக் கூட்டிப்போகிறார்கள். இடுப்பு 90 டிகிரி மடங்கும்போது உட்காரும் எலும்பின் மேல் உள்ள தையல் முழு இழுவையில் இருக்கும். அதன் மேல் உடல் எடை. அதன் மேல் சாலைப் பள்ளம். பேருந்து நிலையத்தைத் தாண்டும் முன்பே தையல் விட்டுப்போவதற்கு இது போதும். கட்டிலுக்குத் தூக்கும்போது அக்குளில் கைகொடுத்து இழுப்பார்கள். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நகரும். அந்த உரசல் நேரடி அழுத்தத்தைவிடக் கொடியது. விரிப்போடு சேர்த்து நான்கு பேர் தூக்க வேண்டும், புரட்டும்போது தோளும் இடுப்பும் ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும் என்று வீட்டாருக்கு வார்டில் யாரும் காட்டித் தருவதில்லை.

வீட்டில் எந்தப் படுக்கை? நாடாக் கட்டில், அதன் மேல் பஞ்சு மெத்தை, கொஞ்சம் வசதியிருந்தால் கடையில் வாங்கிய குமிழ் ஏர் பெட். குமிழ் ஏர் பெட் புண் வராமல் பார்த்துக்கொள்ள ஓரளவு உதவும். புதிதாகப் போட்ட ஃபிளாப்புக்கு அது பற்றாது. மின்வெட்டு வந்தால் காற்று இறங்கிவிடும். வாட்டர் பெட்டில் தண்ணீர் அதிகமானால் கல் போலாகும், குறைந்தால் எலும்பு அடியில் தட்டும். சோதிக்க எளிய வழி உண்டு. மெத்தைக்கு அடியில், வால் எலும்புக்கு நேர் கீழே, உள்ளங்கை மேல்நோக்கியபடி கையை நுழைக்க வேண்டும். கைக்கும் உடம்புக்கும் நடுவே 2.5 செ.மீ. தடிமனாவது தாங்கும் மெத்தை இருக்கிறதா, அல்லது எலும்பு கையில் தட்டுகிறதா? தட்டினால் அந்த மெத்தை இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். உங்கள் வார்டு மெத்தைகளிலும் ஒரு முறை இப்படிக் கைவைத்துப் பாருங்கள். நடுவில் துளையுள்ள ரப்பர் வளையத்தை மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். வளையம் சுற்றிலும் அழுத்தி, நடுவில் உள்ள தோலுக்குப் போகும் ரத்தத்தைத் தடுக்கும்.

செலவில்லாத வழி குப்புறப் படுப்பதுதான். திரிகத்துக்கும் உட்காரும் எலும்புக்கும் அப்போது துளி எடையும் இல்லை. நெஞ்சுக்கு ஒரு தலையணை, தொடைக்கு ஒன்று, கணைக்காலுக்கு ஒன்று, முட்டியும் கால்விரலும் மிதக்கும்படி. கழுத்துக் காயம் உள்ளவருக்கு மூச்சு திணறலாம், டிராக்கியாஸ்டமி (மூச்சுவிடக் கழுத்தில் போட்ட துளை) உள்ளவரால் முடியாது. அவர்களுக்கு 30 டிகிரி சாய்வு. முழு ஒருக்களிப்பு கூடாது, தொடை முனை எலும்பு புண்ணாகிவிடும். எதுவானாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிலையை மாற்ற வேண்டும், இரவிலும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்து சாப்பிட வைப்பது பார்க்க அன்பாக இருக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் உடம்பு கீழே வழுக்கி, திரிகத் தையல் மேலே இழுபடும்.

இன்னொரு ஆபத்தை, முறை தெரியாத சிறு மருத்துவமனையோ வீடோ சமாளிக்க முடியாது. மார்பின் ஆறாம் தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ காயம்பட்டவர்களுக்கு, உணர்வில்லாத இடத்தில் ஏற்படும் எந்தத் தூண்டலும் ரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும். யூரின் டியூப் மடங்குவது, மலம் இறுகுவது, தையல் இழுபடுவது எதுவும் காரணமாகலாம். தலை வெடிப்பது போல் வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். கழுத்துக் காயக்காரரின் வழக்கமான மேல் அழுத்தம் 90 முதல் 110 வரைதான். ஆகவே 140 என்று காட்டினால் நர்ஸ் "பரவாயில்லை" என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். எங்களுக்கு அது ஆபத்தின் தொடக்கம். உட்கார வைப்பதுதான் இதற்கு முதலுதவி. ஃபிளாப் போட்டவரை உட்கார வைக்கக் கூடாதே! இடுப்பை மடக்காமல் கட்டிலையே தலைப்பக்கம் உயர்த்திச் சாய்க்க வேண்டும். உடையைத் தளர்த்தி, டியூபைப் பார்த்து, பிறகு மலக்குடலைப் பார்க்க வேண்டும். இந்த வரிசை தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத வீட்டுக்குப் பத்தாம் நாள் அனுப்புவது சரியா? "உணர்வுதான் இல்லையே, மயக்க மருந்து எதற்கு" என்று தியேட்டரில் கேட்கும் வழக்கமும் இதே காரணத்துக்காக நிற்க வேண்டும். மயக்க மருத்துவரிடமும் ஒரு வார்த்தை: காயம்பட்டு மாதங்கள் ஆன தண்டுவட நோயாளிக்கு, தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் மருந்தைக் கொடுத்தால் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகக்கூடும். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் அதை எழுதிவிடுங்கள்.

படுக்கை போதாமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தயாராகாதவரை அட்மிட் செய்வதால்தான் வார்டில் நாட்கள் வீணாகின்றன. ஹீமோகுளோபின் 8-ம் ரத்தப் புரதமான ஆல்புமின் 2.5-மாக வருகிறவருக்கு அறுத்தால் எந்தக் கை நேர்த்தியும் காப்பாற்றாது. புண்ணே நாள்தோறும் புரதத்தை வடித்துக்கொண்டிருக்கிறது. கிலோ எடைக்கு 1.5 கிராம் புரதம் தேவை. 50 கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு 75 கிராம். மருத்துவமனைச் சாப்பாட்டுத் தட்டில் இருக்கும் இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் கஞ்சியும் அதில் பாதியைக்கூடத் தொடாது. முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம்தான். நான்கு முட்டை, சுண்டல், பருப்பு, பால், மீன் என்று வீட்டிலேயே ஆறு, எட்டு வாரம் உண்டு வந்தபின் அட்மிஷன் போட்டால் வார்டு நாட்கள் மிச்சம். புகையிலையை நிறுத்தச் சொல்வதும் அந்த வாரங்களில்தான்.

கால் இழுப்பும் அப்படியே. தொடை திடீரென்று வெட்டி மடங்கும் ஸ்பாஸம், தையலைப் பிரிக்கும் முதல் எதிரி. இழுப்பைத் தணிக்கும் பேக்லோஃபென் மாத்திரையின் அளவை முன்பே சரிசெய்ய வேண்டும். அறுவை நாள் காலையில் "வெறும் வயிறு" என்று அந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் இழுப்பு இரட்டிப்பாகத் திரும்பும், சிலருக்கு வலிப்பும் காய்ச்சலும் வரும். ஒரு வாய் தண்ணீரோடு மாத்திரையைக் கொடுக்கச் சொல்லி மயக்க மருத்துவரே எழுதிவைக்கலாம். முழங்காலும் இடுப்பும் மடங்கி இறுகிப்போனவரைக் குப்புறப் படுக்க வைக்கவே முடியாது. அந்த இறுக்கத்தை முன்பே பார்த்து அவிழ்க்க வேண்டும். புண்ணின் மேற்பரப்பில் துடைத்தெடுத்த ஸ்வாபை நம்பி ஆன்டிபயாடிக் மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. அங்கே எப்போதும் ஏதாவது கிருமி வளரும். எலும்பில் சீழ் இருக்கிறதா என்பதை அறுவையின்போது எடுக்கும் எலும்புத் துண்டின் கல்ச்சரும் பயாப்ஸியும் சொல்லும். பல வருடப் புண்ணாக இருந்து ஓரம் தடித்துப் பூத்திருந்தால் அங்கிருந்தும் ஒரு துண்டு அனுப்புங்கள், புற்றாக மாறியிருக்கலாம்.

தியேட்டருக்குள் நடப்பதில் எங்களுக்குச் சொல்ல அதிகமில்லை, நீங்கள் வல்லவர்கள். ஒன்றைத் தவிர. உட்காரும் எலும்பின் துருத்திய முனையை மழித்தால் போதும், முழு எலும்பையும் எடுத்துவிட வேண்டாம். எடுத்தால் எடை மறுபக்கத்துக்கும் நடுவில் உள்ள சிறுநீர்ப் பாதைக்கும் மாறி, அங்கே வரும் புண் முந்தையதைவிட மோசமாக இருக்கும்.

பிறகு உட்காரும் நாள். இதுதான் முழுச் சிகிச்சையின் கடைசிப் படி, உங்கள் புது விதியில் இது முழுக்க வீட்டாரின் தலையில் விழுகிறது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, தையல் உறுதியாக இருந்தால், இடுப்பை நாளுக்குக் கொஞ்சமாக மடக்கிப் பழக்கி 90 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். 90 வந்த பிறகே நாற்காலி. முதல் நாள் 15 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. படுக்க வைத்ததும் ஃபிளாப்பைப் பார்க்க வேண்டும். சிவப்பு அரை மணி நேரத்தில் மறைந்தால் மறுநாள் இன்னொரு 15 நிமிடம் கூட்டலாம். மறையாவிட்டால் அன்றோடு நிறுத்தி, அடுத்த நாளும் படுக்கை. கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குப் படாது. புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும், விரலால் அழுத்தித் தடிப்புப் பார்க்க வேண்டும். அடியில் காற்றறைக் குஷன் இருந்தால் எலும்பின் முனைக்கும் நாற்காலித் தளத்துக்கும் நடுவே விரலளவு, ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர், காற்று இருக்க வேண்டும். குஷன் நிறையக் காற்றடித்தால் மெத்தென்று இருக்கும் என்று நினைத்து உப்ப வைக்கிறார்கள். அப்போது ஆள் அதற்குள் அமிழாமல் பந்தின் மேல் உட்கார்ந்தது போல் ஆகிவிடுகிறார். நாற்காலியில் இருக்கும் நேரமெல்லாம் கால் மணி, அரை மணிக்கு ஒரு முறை முன்னால் குனிந்தோ பக்கம் சாய்ந்தோ இரண்டு நிமிடம் எடையை எடுக்க வேண்டும். ஒரு நொடி கையூன்றி எழும்பி உட்கார்வது போதாது. ரத்தம் திரும்பி ஓட அந்த இரண்டு நிமிடம் வேண்டும்.

மருத்துவர் லுட்விக் குட்மன் 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் தண்டுவடக் காயமடைந்தோருக்கான பிரிவைத் தொடங்கியபோது, படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் வந்து இவர்கள் சாவது விதி என்றே மருத்துவ உலகம் நம்பியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டி அந்த விதியை அவர் மாற்றினார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவராக வேலை செய்த மேரி வர்கீஸின் முயற்சியில் வேலூரில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் திறந்தது. தமிழ்நாட்டில் இந்த அறிவுக்குப் பஞ்சமில்லை. விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் செலவை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் அரசே ஏற்கிறது. அந்த 48 மணி நேரத்தில் காப்பாற்றப்பட்டவர்களில் ஒரு பகுதிதான் நாங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, சிகிச்சையில் எங்களுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது.

ஆகவே கேட்கிறோம். பத்தாம் நாள் டிஸ்சார்ஜ் உத்தரவை உடனே திரும்பப் பெறுங்கள். ஃபிளாப் போட்டவர் தையல் பிரிக்கும் வரை, குறைந்தது மூன்று வாரம், வார்டில் இருக்க வேண்டும். உட்காரும் எலும்புப் புண்ணானால் உட்காரப் பழகும் வரை, ஆறு வாரம். பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் இடமில்லையென்றால் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கோ தாலுகா அரசு மருத்துவமனைக்கோ மாற்றுங்கள். ஆனால் படுத்த நிலையிலேயே, ஸ்ட்ரெச்சரோடு ஆம்புலன்சில், எழுதப்பட்ட கவனிப்பு முறையோடு. காப்பீட்டுத் திட்டத்தில் இத்தனை நாள் தங்குவதற்குச் சிக்கல் இருந்தால் அதை அரசுக்கு நீங்கள் எழுதுங்கள், நாங்களும் கையெழுத்திடுகிறோம்.

அட்மிஷனுக்கு முன் ஒரு முன்தயாரிப்பு நாள் வாரத்துக்கு ஒன்று வேண்டும். ஹீமோகுளோபின், ஆல்புமின், சர்க்கரை, இழுப்பு, மூட்டு இறுக்கம், மலம் கழிக்கும் ஒழுங்கு, வீட்டில் என்ன மெத்தை, என்ன குஷன் என்று அன்றே பார்த்து, தயாராகும் வரை தேதி தராதீர்கள். வார்டில் நான்கு படுக்கைகளுக்காவது காற்று மாறி மாறி ஏறி இறங்கும் குழாய் வடிவ ஏர் மெத்தையும் அதன் பம்புக்கு இன்வெர்ட்டர் இணைப்பும் வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் இவர்களுக்கென்று கூடுதல் முட்டையும் பருப்பும் எழுதப்பட வேண்டும். மலம் கழிக்க ஆறு வாரம் கமோடில் உட்கார வைக்காமல், ஒருக்களித்த நிலையில் படுக்கையிலேயே ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்து வைத்து எடுப்பதை வார்டு ஊழியர்களுக்கும் வீட்டாருக்கும் கற்றுத்தர வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டு தமிழில் இருக்கட்டும். எந்த ஃபிளாப் எடுக்கப்பட்டது, எந்தப் பக்கம், அடுத்த முறை தேவைப்பட்டால் எது மிச்சம் இருக்கிறது என்பதைச் சிறு படத்தோடு எழுதித் தாருங்கள். வேறு ஊரில் வேறு மருத்துவர் கத்தி எடுக்கும்போது அந்த ஒரு தாள் ஒரு தொடையைக் காப்பாற்றும். 'மக்களைத் தேடி மருத்துவம்' குழுவின் பிசியோதெரபிஸ்டுக்கும் நோய்த்தணிப்புச் செவிலியருக்கும் வீடு திரும்பும் தேதியை முன்பே தெரிவித்து, முதல் வாரத்தில் அவர்கள் வீட்டுக்கு வந்து மெத்தைக்கடியில் கைவைத்துப் பார்க்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

இந்த மடலுக்கு 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். அதற்குள், இப்போது வார்டில் ஃபிளாப்போடு படுத்திருக்கும் யாரையும் தையலோடு அனுப்ப வேண்டாம் என்று இன்றே வார்டுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தண்டுவடக் காயமடைந்தோர், அவர்களின் வீட்டார், உடன் பணிபுரியும் பிசியோதெரபிஸ்டுகள்